இருமினால் கேன்சல்

டாக்டர் வெற்றிச்செல்வியின் முப்பது வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் அவருக்கு முதன்முதலாகப் பொன்னாடை போர்த்தியவர் ஒரு ஜல்லி கிரஷர் முதலாளி. பல்கலைக்கழகம் போர்த்தவில்லை, வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரி போர்த்தவில்லை, கட்டிய புருஷன்கூட ஒரு துண்டு போட்டதில்லை. கல்லுமேடு நல்லுசாமிதான் போர்த்தினார். ஒரு கூடை ஆப்பிளும், போட்டோ எடுக்க ஒரு ஆளுமாகப் பெரம்பலூர் கல்லூரிக்கே தேடி வந்துவிட்டார் மனிதர்.

“தூசி ஒடம்ப ஒண்ணும் பண்ணாதுன்னு நானும் எத்தன வருசமாக் கத்திக்கிட்டு இருக்கேன் டாக்டரம்மா! ஒருத்தனும் நம்பல. நீங்க சயின்ஸ்படி நிரூபிச்சுட்டீங்க. எறையூர்ப் பக்கத்து ஆளுங்கள விட எங்க ஊரு ஆளுங்களுக்கு நுரையீரல் நல்லாருக்காமே! கையக் குடுங்க.”

வெற்றிச்செல்வி கையைக் கொடுத்தார். வேறு என்ன செய்வது? ரிப்போர்ட் அவருடையது, கையெழுத்தும் அவருடையது. கழுத்தில் ஜரிகை குத்தியது. கிரஷரே இல்லாத எறையூரை விட இந்த ஊர் நுரையீரல் எப்படி நன்றாக இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

“நாளன்னிக்கி அரியலூர் மண்டபத்துல கருத்துக்கேட்பு கூட்டம் வச்சிருக்காங்க. ரெண்டாவது கிரஷருக்கு. அதான், ஸ்கூலுக்குப் பின்னால எடம் வாங்கிப் போட்டிருக்கேன்ல, அங்கதான். ஒங்க ரிப்போர்ட்டத்தான் மொதல்ல படிக்கப் போறோம். நீங்களும் அவசியம் வரணும், முன் வரிசையில சேர் போட்டு வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, போட்டோவுக்கு இன்னொரு தரம் சிரித்துவிட்டுப் போனார் நல்லுசாமி.

வெற்றிச்செல்வி ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அளந்து பார்க்கிற டாக்டர். உடலியல் பேராசிரியர். ஆரம்பத்தில் தவளைக் காலில் கரண்ட் வைத்து அது எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தார். பிறகு தவளையை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்தார். சர்க்கரை ஆலை பாய்லர் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு ஷிப்டில் எவ்வளவு வேர்க்கிறது, பஞ்சு அரைக்கிற பெண்ணுக்கு மாலையில் எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று இந்த இரண்டு ஜில்லாவையும் அளந்தே தீர்த்துவிட்டார். பஞ்சு ஆராய்ச்சியை மட்டும் பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. ஊதும்போது பாதிப் பேர் இருமியிருக்கிறார்கள், இந்த ரீடிங்கெல்லாம் செல்லாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்த அவமானம் டாக்டரம்மாவுக்கு இன்றுவரை ஆறவில்லை.

அன்று பிடித்தார் ஒரு பிடிவாதம். ஸ்பைரோமீட்டர் என்கிற ஊதும் மெஷினில் மூச்சை நெஞ்சு முட்ட இழுத்து, குழாயை வாயில் கவ்வி, நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை ஊதித் தள்ள வேண்டும். நடுவில் இருமினால் கேன்சல். மூச்சு அறுந்தால் கேன்சல். மூன்று தரம் முயன்றும் வரவில்லையா, போய் வாருங்கள் ஐயா, வணக்கம். கல்லூரிப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ‘கேன்சல் மேடம்’ என்று சொல்வது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது.

நல்லுசாமி போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டரில் கல்லுமேட்டு ஊதல்களைத் திறந்தார். ஒவ்வொரு ஊதலையும் மெஷின் ஒரு கோடாக வரைந்திருக்கும். சர்ரென்று ஏறி, மெல்லச் சரியும். அடடா, என்ன அழகான கோடுகள்! ஒரு இருமல் உண்டா, ஒரு பிசிறு உண்டா? இரண்டு வருடமாக இந்த அழகில்தான் மனுஷி மயங்கிக் கிடந்தார். இன்று மயக்கம் தெளிந்த கண்ணோடு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சரிகிற இடத்தில் காளையின் திமில் போல ஒரு சின்ன மேடு. அடுத்ததிலும் அதே மேடு. அதற்கடுத்ததிலும். பதினேழாம் நம்பர், ஐம்பத்தொன்பது வயது ஆண், திமில். நாற்பது வயதுப் பெண், அவளுக்கும் திமில். முப்பது சொச்சம் பேருக்குத் திமில் இருந்தது.

மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் குழாயை எடுத்துத் தானே ஊதிப் பார்த்தார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குத் திமில் வரவில்லை.

மறுநாள் காலையில் மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு கல்லுமேட்டுக்குக் கிளம்பினார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், வேப்பமரம் வெள்ளையாக இருக்கும் ஊர் அதுதான். மாதாமாதம் முகாம் நடக்கும் பஞ்சாயத்துக் கட்டடத்து வாசலில் கலைமணி காத்திருந்தான். அவன் ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளர், ஊர்ப் பையன்தான், முப்பது வயதிருக்கும். மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்ததில் அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“பதினேழாம் நம்பரக் கூப்புடு.”

“இப்பவா மேடம்? அவரு வெளியூரு போயிருப்பாரு.”

“போயிருப்பாரா, போயிட்டாரா?”

கலைமணி நம்பர் நோட்டைத் தேவையில்லாமல் புரட்டினான். பேர் வேண்டாம், முகம் வேண்டாம், நம்பர் போதும் என்பது வெற்றிச்செல்வி போட்ட சட்டம். யாருடைய நுரையீரல் எப்படி என்பது முதலாளி காதுக்குப் போய் எவனுக்கும் வேலை போகக்கூடாது என்று, நல்ல எண்ணத்தில் போட்டது. ஊதுகிறவர்கள் கூச்சப்படக்கூடாது என்று ஒரு திரை வேறு கட்ட வைத்திருந்தார். அந்தத் திரைக்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கலாம் என்று அந்தப் பெரிய படிப்பு ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பதினேழாம் நம்பர் வெளியூர் எங்கும் போகவில்லை. எதிர் டீக்கடையில்தான் இருந்தார். கருப்பண்ணன் என்று பெயர். ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வருவதற்குள் இரண்டு தரம் நின்று, முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் நெஞ்சுக்குள் பழைய மோட்டார் ஓடுவது வெளியே கேட்டது.

“நீங்கதான் பதினேழா?”

“ஆமாங்க டாக்டரம்மா.”

“இருவது வயசுப் பையன் மாதிரி ஊதியிருக்கீங்களே!”

கருப்பண்ணன் கலைமணியைப் பார்த்தார். கலைமணி கூரையைப் பார்த்தான். பெரியவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி, கண்ணீரைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார்.

“எனக்கு ஊத வரலீங்க. மூணு தரமும் இருமிட்டேன். இந்தப் பய பாவம், மேடம் திட்டுவாங்க, மேடம் திட்டுவாங்கன்னு அழுவாத கொற. எனக்கே மனசு கேக்கல. சரிப்பா, ஆள வச்சு ஊதிக்கன்னு சீட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

வெற்றிச்செல்வி கலைமணி பக்கம் திரும்பினார். அவன் படபடவென்று கொட்டிவிட்டான்.

“மொத முகாம்லயே பாதிப் பேரு இருமிட்டாங்க மேடம். அனுப்புனேன். எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு, ‘ஒரு மூச்ச ஒழுங்கா ஊத வைக்கத் தெரியாத நீயெல்லாம் எதுக்கு’ன்னு போன்ல கேட்டீங்க. ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பறம் பாத்தா, நம்ம வேல்முருகன் ஊதுனது அப்புடியே புஸ்தகத்துல இருக்குற படம் மாதிரி வந்துச்சு. அதப் பாத்துட்டு நீங்க ‘சபாஷ் கலைமணி’ன்னு மெசேஜ் போட்டீங்க. மொத தடவயா சபாஷ்! அதுக்கப்பறம் யாரு இருமுனாலும் அவனக் கூப்புட்டுட்டேன். மேடத்துக்கு நல்ல ஊதுதான வேணும்னு...”

அவனை அறையலாம் போல இருந்தது. அதைவிடத் தன்னையே இரண்டு அறையலாம் போல இருந்தது. இருமுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தானே இந்த ஆராய்ச்சி? அவர்களைத்தான் பொறுக்கிப் பொறுக்கி வெளியே தள்ளியிருக்கிறார். அட என் அறிவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“அந்த வேல்முருகனக் கூட்டிட்டு வா.”

வேல்முருகன் கிரஷரில் மதிய ஷிப்ட். காலையில் கபடி பிராக்டீஸ். அரை டிராயரும் புழுதியுமாக அப்படியே வந்து நின்றான். இருபத்து மூன்று வயது. மாவட்ட டீமில் ரெய்டு போகிற பையன், மூச்சுதான் அவன் சொத்து. பிடிபட்டுவிட்டோம் என்கிற பயம் கொஞ்சமாவது இருக்க வேண்டுமே? ஊகூம்.

“மேடம், கவிதா அத்தைக்கு ஊதுனதுதான் டாப்பு. அதப் பாத்தீங்களா?”

“பொம்பளைக்குமா ஊதுன?”

“மூச்சுல ஆம்பள என்ன, பொம்பள என்ன மேடம்?” என்றான்.

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். பையன் அவர் தோளுக்கு மேல் எட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். “என்னோட ஊதெல்லாம் இதுல இருக்கா மேடம்? எது பெஸ்ட்டுன்னு காட்டுங்களேன். பசங்ககிட்ட சொல்லணும்.”

விளையாட்டாகத்தான் கேட்டான். வெற்றிச்செல்வியும் விளையாட்டாகத்தான் திமில் வைத்த கோடுகளை மட்டும் பிரித்தெடுத்துத் தேதிவாரியாக அடுக்கினார். அடுக்கியதும் அவர் கை நின்றுவிட்டது.

முதல் மாதக் கோடு கோபுரம். அடுத்தது அதைவிடச் சற்றுக் குள்ளம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். நடுநடுவே ஒன்று ஏறினாலும் அடுத்தது அதற்கும் சேர்த்து இறங்கியிருந்தது. கடைசியாகப் போன மாதம் ஊதியதில் உச்சி மழுங்கி, சரிவு குழி விழுந்து கிடந்தது. இரண்டு வருடம், ஒரே ஆளின் நுரையீரல், மாதம் தவறாமல், முழு மூச்சோடு. எந்த ஆராய்ச்சியாளருக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒருத்தன் உட்கார்ந்து ஊதியிருக்க மாட்டான். திருட்டுத்தனமாக ஊதியதால் அல்லவா கிடைத்தது!

“கிரஷர்ல எப்ப சேந்த?”

“மொத முகாமுக்குக் கொஞ்சம் முன்னாடி மேடம்.” அவன் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஏன் மேடம் எறங்கிக்கிட்டே போவுது?”

அவர் தேதிகளை மறுபடி ஒரு தரம் சரிபார்த்தார். அவனே சொன்னான். “இப்பல்லாம் ஒரு ரெய்டுக்கே மூச்சு வாங்குது. சளின்னு நெனச்சேன். கஷாயம் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

கருப்பண்ணன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“தம்பி, நாளைக்கிக் கூட்டத்துல என் ரிப்போர்ட்டு தப்புன்னு நானே சொல்லிடுவேன். அது என் தலையெழுத்து. ஆனா ஏன் தப்புன்னு கேட்டா, ஒன் பேரச் சொல்ல மாட்டேன். நீ சரின்னு சொன்னாத்தான் இந்தக் கோட்டக் காட்டுவேன். காட்டுனா ஒனக்கு வேல போயிடலாம். யோசிச்சுச் சொல்லு.”

வேல்முருகன் தலையைச் சொறிந்தான். “நல்லுசாமி மொதலாளிதான் மேடம் எங்க டீமுக்கு டிரஸ், ஷூ எல்லாம். வூட்டுல அம்மாவக் கேக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனவன், அன்று முழுக்கப் போனை எடுக்கவில்லை.

அரியலூர் மண்டபத்தில் கூட்டம் ஜேஜே என்று இருந்தது. யாருக்கோ கல்யாணம் முடிந்த மண்டபம், மணவறை ஜோடனையைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்கு முன்னால் மாவட்ட அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். நல்லுசாமி சொன்ன சொல் தவறாமல் முன் வரிசையில் வெற்றிச்செல்விக்கு நாற்காலி போட்டிருந்தார். நல்லுசாமிக்குப் பக்கத்தில், கிரஷர் பேர் அடித்த புது பனியனில், தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தான் வேல்முருகன். வெற்றிச்செல்வியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒருவர் மைக்கில் ரிப்போர்ட்டை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு நல்லுசாமி எழுந்து வேல்முருகன் தோளில் கை போட்டு முன்னால் இழுத்து நிறுத்தினார். “இந்தப் பையனப் பாருங்க ஆபீசரம்மா. ரெண்டு வருசமா நம்ம கிரஷர்ல வேல. மாவட்ட டீம்ல ரெய்டரு. தூசி கெடுதல்னா இவன் இப்புடியா இருப்பான்?”

கை தட்டினார்கள். வெற்றிச்செல்வி எழுந்தார். முப்பது வருடம் மற்றவர் வேலையில் தப்புக் கண்டுபிடித்தே பேர் வாங்கியவர், இத்தனை பேருக்கு முன்னால் தன் தப்பைச் சொல்வதென்றால் சும்மாவா?

“அந்த ரிப்போர்ட்டு தப்புங்க. நான் வாபஸ் வாங்குறேன்.”

“அய்யய்யோ!” என்று நல்லுசாமி நெஞ்சில் கை வைத்தார். “நேத்து வரைக்கும் சயின்ஸா இருந்துச்சு, இன்னிக்கித் தப்பாயிடுச்சா? டாக்டரம்மாவ யாரோ பயமுறுத்தியிருக்காங்க.”

“எங்க தப்பு நடந்துச்சு மேடம்?” என்று அதிகாரி அம்மா கேட்டார். “விவரமாச் சொல்லுங்க. சும்மா தப்புன்னா நான் எழுதிக்க முடியாது.”

“ஆள் மாறி ஊதியிருக்காங்க.”

“யாரு?”

“அத நான் சொல்ல முடியாதுங்க” என்றார் வெற்றிச்செல்வி. மண்டபத்தில் கசமுசா என்று பேச்சு கிளம்பியது. நல்லுசாமி உட்காரப் போனார், ஜெயித்துவிட்ட திருப்தியோடு. அப்போதுதான் வேல்முருகன் கையை நீட்டி மைக்கை வாங்கினான்.

“நான்தாங்க” என்றான்.

“என்னப்பா நீதான்?” என்று அதிகாரி அம்மா கேட்டார்.

“அந்த ரிப்போர்ட்டுல நல்லா ஊதுன முப்பது சொச்சம் பேரும் நான்தான். கருப்பண்ணன் பெரியப்பா நான்தான். அவரு தம்பி நான்தான். லாரி செட்டு ஆளுங்க பூராவும் நான்தான். கவிதா அத்தையும் நான்தாங்க.”

மண்டபம் ஒரு கணம் முழித்துவிட்டுக் கொல்லென்று சிரித்தது. பின் வரிசையில் கவிதா அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி அம்மாவே பேனாவால் உதட்டை மறைத்துக்கொண்டார். வேல்முருகன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

“என்னோடது மட்டும் மேடத்துக்கிட்ட ரெண்டு வருசத்துக்கு இருக்குங்க. அம்மாகிட்டக் கேட்டுட்டேன். காட்டச் சொல்லுங்க.”

வெற்றிச்செல்வி காட்டினார். மாப்பிள்ளை பெண் போட்டோ ஓடிய திரையில் அவன் நுரையீரல் மாதம் மாதமாக இறங்கியது. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

“ஒரு ஆள வச்சு ஊருக்கே முடிவு சொல்ல முடியாதுங்க” என்றார் வெற்றிச்செல்வி. “கல்லுமேட்டு ஆளுங்க நுரையீரல் நல்லாருக்கான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ரெண்டு வருசம் அங்க மெஷின வச்சிருந்தும் தெரியாது. இருமுனவங்க எல்லாரையும் நான்தான் செல்லாதுன்னு தள்ளுனேன். எனக்கு வெக்கமா இருக்கு.”

நல்லுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டம் என்பதையும் மறந்து கத்தினார். “டேய், நாளையிலேருந்து நீ வேலைக்கி வர வேணாம்டா!”

“சரி மொதலாளி. ஆனா என்னைய மட்டும் நிறுத்துனா கணக்கு ஒதைக்குமே” என்றான் வேல்முருகன், மைக்கில், மிகுந்த மரியாதையோடு. “ரிப்போர்ட்டுபடி அத்தன பேரும் எம் மூச்சுலதான ஓடுறாங்க. நான் போயிட்டா நாளைக்கி லாரி யாரு ஏத்துறது?”

இந்தத் தடவை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிரித்ததில் பாதிப் பேர் இருமினார்கள். வரிசை வரிசையாக, துண்டை வாயில் வைத்து, தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அதைக் கேட்டார். பிறகு கூட்டத்தை ஒத்திவைத்தார். இருமுகிறவர், இருமாதவர் எல்லாரையும் மறுபடியும் சோதித்து, அந்த அறிக்கை வந்த பிறகுதான் அடுத்த கூட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நல்லுசாமி போகிற போக்கில் முன் வரிசை நாற்காலியை ஒரு உதை விட்டுப் போனார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறேன் என்று வேல்முருகன் காரில் ஏறிக்கொண்டான். பழைய சட்டைக்கு மாறி, புது பனியனை மடித்து மடியில் வைத்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கதவைச் சாத்தாமல் குனிந்து கேட்டான்.

“மேடம், போன மூச்சு திரும்பி வருமா?”

இதற்கு என்ன பதில் என்று முப்பது வருடமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. அந்தப் பதிலை ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

“தூசிய விட்டு வெளிய இருந்தா கொஞ்சம் வரும்பா. முழுசா வராது.”

“எவ்வளவு வரும்?”

“அத இப்பவே சொல்ல முடியாது. மாசாமாசம் வந்து ஊது. அளந்து பாக்கலாம்.”

அவன் யோசித்தான். கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. “யாரு பேருல ஊதணும் மேடம்?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே இருமலாக மாறி, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

வெற்றிச்செல்வி அவசரப்படுத்தவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான், காரை நகர்த்தவில்லை. அவன் இருமி முடித்து நிமிரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம் பேருல” என்றார்.